வளரும் வீரரைக் கொடுத்து நட்சத்திரத்தை வாங்கலாமா? ஒரு டிரேடை எடைபோடும் முறை

2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமா சிட்டியில் வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம் நடந்தது. அதில் மோதிய இரண்டு அணிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்டன் ஆகிய இருவரையுமே, அவர்களுடைய இருபது, இருபத்தோரு வயதில், வேறோர் அணி ஒரு நட்சத்திர வீரரை வாங்குவதற்காக விலையாகக் கொடுத்திருந்தது. அதே பேசர்ஸ் அணியில் ஆடிய பாஸ்கல் சியாகம், 2018இல் டொராண்டோ ராப்டர்ஸ் ஒரு நட்சத்திரத்தை வாங்கியபோது கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்ட இளைஞர். அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடுகளைப் பற்றி யோசிக்கும் எவருக்கும் இதைவிடப் பொருத்தமான இறுதிப் போட்டி அமைந்திருக்க முடியாது.

பிப்ரவரியில் டிரேடுக் கெடு நெருங்கும்போதும், ஜூன் மாத இறுதியில், அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முடிந்த கையோடும், ஏதாவதோர் அணியின் ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: வளர்ந்துவரும் பையனைக் கொடுத்துவிட்டு, வளர்ந்து முடிந்த நட்சத்திரத்தை வாங்கலாமா? பெரும்பாலான வாதங்கள் இன்று யார் சிறந்த ஆட்டக்காரர் என்பதில் தொடங்கி, அங்கேயே முடிந்துவிடுகின்றன. இன்றைக்குச் சிறந்தவர் நட்சத்திரம்தான் என்பதில் யாருக்கும் ஐயம் கிடையாது. அப்படி இல்லையென்றால் அவருக்கு விலையே கேட்கமாட்டார்கள்.

நான் முதலில் விடை தேடும் கேள்விகள் இரண்டு. அந்த இளைஞர் ஒரு சாம்பியன் அணியின் முதல் வீரராக, அதாவது கடைசி நிமிடத்தில் பந்தைக் கையில் வாங்குபவராக, வளரக்கூடியவரா? அப்படிப்பட்ட முதல் வீரர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறாரா? முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று விடை வந்தால், எவ்வளவு பெரிய பெயர் எதிரே வந்தாலும் அவரைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மற்ற நிலைகளில் எல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்த ஆண்டில் வெல்ல வேண்டும்?

ஒரு தாளை எடுத்து, உங்கள் அணியின் முதல் மூன்று வீரர்களின் வயதையும், அவர்களுடைய ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதையும் எழுதுங்கள். கூடைப்பந்தில் பெரும்பாலான வீரர்கள் இருபதுகளின் நடுப்பகுதியிலிருந்து முப்பதைத் தொடும் வரை உச்சத்தில் இருக்கிறார்கள். எனவே இந்த எளிய பட்டியலே உங்கள் அணி எந்த ஆண்டுகளில் கோப்பைக்கு அருகில் இருக்கும் என்பதைச் சொல்லிவிடும். அந்த ஆண்டுகளில் உங்கள் இளைஞருக்கு என்ன வயது, வாங்க நினைக்கும் நட்சத்திரத்துக்கு என்ன வயது என்பதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2014இல் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் செய்தது இந்தக் கணக்கைத்தான். அந்த ஜூன் மாத டிராஃப்டில் அவர்கள் முதல் ஆளாக 19 வயது ஆண்ட்ரூ விக்கின்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் மயாமியிலிருந்து ஊர் திரும்பினார். அவருக்கு அப்போது 29 வயது; கையெழுத்திட்டதோ குறுகிய கால ஒப்பந்தம். விக்கின்ஸ் முழுமையாகப் பழுக்கும் வரை காத்திருந்தால் லெப்ரானுக்கு 34, 35 வயது ஆகியிருக்கும். ஆகவே ஆகஸ்டில் விக்கின்ஸையும், முந்தைய ஆண்டின் முதல் தேர்வான ஆன்டனி பென்னட்டையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து, 25 வயது கெவின் லவ்வை வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டே விக்கின்ஸ் சிறந்த புதுமுக வீரர் விருதைப் பெற்றார். மினசோட்டாவில் ஆட்டத்தின் நடுநாயகமாக இருந்த லவ், கிளீவ்லாந்தில் மூன்றாவது ஆளானார்; அவருடைய புள்ளிகளும் குறைந்தன. தவறான டிரேடு என்று பலர் பேசினார்கள். ஆனால் 2016 ஜூன் 19 அன்று ஓக்லண்டில் நடந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தை ஒருமுறை திரும்பப் பாருங்கள். கைரி இர்விங்கின் மூன்று புள்ளி எறிதலால் கிளீவ்லாந்து 92-89 என்று முன்னிலையில் இருக்கிறது. எதிரணியின் தடுப்பு ஒன்றினால் ஆள் மாறி, தற்காப்பில் மெதுவானவர் என்று பெயர் எடுத்த லவ், ஸ்டீஃபன் கரிக்கு முன்னால் தனியாக நிற்க நேர்கிறது. கரி இடமும் வலமும் ஆட்டம் காட்டுகிறார், பின்வாங்குகிறார், மீண்டும் வருகிறார். லவ் கைகளை விரித்துக் காலடி மாற்றி மாற்றி விலகாமல் நிற்கிறார். கரி எறிந்த பந்து உள்ளே விழவில்லை. கிளீவ்லாந்து 93-89 என்று வென்றது. குறி தவறித் திரும்பும் பந்தைக் கைப்பற்றும் ரீபவுண்டுகளில் லவ் அன்று எடுத்தவை 14. லெப்ரான் என்னும் முதல் வீரர் இருந்ததாலும், அவருடைய ஆண்டுகள் எண்ணப்பட்டவையாக இருந்ததாலும், அந்த டிரேடு சரியானது என்றே நான் சொல்வேன்.

எதிர்த்திசையில் சென்ற அணி ஓக்லஹோமா சிட்டி. 2019இல் பால் ஜார்ஜைக் கொடுத்து ஷாயை வாங்கிய பிறகு, 2020-21இல் அவர்கள் வென்றது 22 ஆட்டங்கள், அடுத்த ஆண்டு 24. அதன் பின் 40, 57, கடைசியில் 68 வெற்றிகளோடு 2025இல் சாம்பியன் பட்டம். ஆறு ஆண்டுகள் பிடித்தன. இளைஞரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பவர்கள், அந்த 22 வெற்றி ஆண்டில் உரிமையாளரும் பயிற்சியாளரும் பொறுமை காப்பார்களா என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். பாதி வழியில் பொறுமை இழக்கும் அணிக்கு இளைஞரும் வளர்வதில்லை, நட்சத்திரமும் கிடைப்பதில்லை.

இளைஞரிடம் எதைப் பார்ப்பது?

புள்ளிச் சராசரியிலிருந்து தொடங்கவே கூடாது. ஷாய் தன் முதல் சீசனில், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்காக, ஆட்டத்துக்கு 10.8 புள்ளிகள் எடுத்தார். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் நல்ல புதுமுகங்களில் ஒருவராகவே தெரிந்திருப்பார். ஆனால் அந்த 20 வயதில் 73 ஆட்டங்களைத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடியிருந்தார். சீசனுக்குப் பின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளான பிளேஆஃபில் நடப்பு சாம்பியனான கோல்டன் ஸ்டேட்டை எதிர்கொண்ட ஓர் ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வேகத்தை நம்பாமல் வேகத்தை மாற்றுவதை நம்பிக் கூடைக்கு அருகே போய்ச் சேரும் வித்தை அவரிடம் அப்போதே இருந்தது.

இளைஞரின் மூன்று, நான்கு முழு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அவர் பந்தோடு பிக் அண்ட் ரோல் ஆடும் இடங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சக வீரர் வந்து தடுப்பாக நிற்கிறார். அவருடைய தோளை உரசியபடி உங்கள் இளைஞர் பந்தைத் தட்டிக்கொண்டு நுழைகிறார். எதிரணியின் உயரமான வீரர் குறுக்கே வருகிறார். அதே நொடியில், தூரத்து மூலையில் நிற்கும் நம் ஆளைக் காத்துக்கொண்டிருந்தவர் ஓரடி உள்ளே நகர்கிறார். அந்த ஓரடியை இளைஞர் பார்க்கிறாரா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பார்ப்பவரின் பந்து, காப்பவரின் கால் தரையில் ஊன்றும் முன்பே, மூலைக்குப் போய்விடும். பார்க்காதவர் மூன்று பேருக்கு நடுவே தாவி, கடினமான எறிதல் ஒன்றை எறிவார். அது உள்ளே விழுந்தால் கைதட்டலும் கிடைக்கும். கைதட்டல் கிடைத்ததற்காக அதை நல்ல முடிவு என்று குறித்துக்கொள்ளாதீர்கள். ஹாலிபர்டன் சாக்ரமென்டோவில் ஆடிய காலத்துப் படங்களைப் பார்த்தால், இருபது வயதிலேயே அந்த ஓரடியை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தது தெரியும்.

குறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உடல் வலு கூடும். தொலைவிலிருந்து எறியும் திறனும் பலருக்குப் பயிற்சியால் தேறுகிறது. ஃபவுலுக்கு ஈடாகத் தடுப்பின்றி எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து நூற்றுக்கு எண்பது போடுபவருடைய மூன்று புள்ளி எறிதல் பின்னாளில் திருந்தும் என்று நம்ப இடமுண்டு, அறுபது போடுபவரிடம் அந்த நம்பிக்கையை அளவோடு வைக்க வேண்டும். ஆட்டத்தைப் படிக்கும் கண் மட்டும் பிற்காலத்தில் வந்து சேர்வது அரிது. வயதும் முக்கியம்: ஒரே எண்களை 20 வயதில் எடுப்பவரும் 23 வயதில் எடுப்பவரும் ஒன்றல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே பயிற்சி கொடுத்த பையனைப் பற்றிய உங்கள் மதிப்பீடு கூடுதலாகவே இருக்கும். அதனால் வேறு மூன்று, நான்கு அணிகள் அவருக்கு என்ன விலை தரத் தயார் என்பதைப் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. எல்லாரும் ஆர்வத்தோடு கேட்டால் உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள்

டிரேடில் கைமாறுவது வீரர் என்று நாம் சொன்னாலும், உண்மையில் கைமாறுவது அவருடைய ஒப்பந்தம். முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம் உண்டு. அதில் கடைசி இரண்டு ஆண்டுகளை நீட்டிக்கும் உரிமை அணியின் கையில் இருக்கும். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் புதிய நீட்டிப்பு பேசலாம். பேசவில்லை என்றாலும், நான்காம் ஆண்டுக்குப் பிறகு வேறோர் அணி தரும் சம்பளத்தை ஈடுசெய்து அவரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை பழைய அணிக்கு உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், நன்றாக ஆடும் ஓர் இளைஞர் ஏழு, எட்டு ஆண்டுகள் வரை உங்களிடமே இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றில் முதல் நான்கு ஆண்டுகள் மிகக் குறைந்த சம்பளத்தில் கழியும். நட்சத்திரத்துக்கு இந்தப் பிணைப்புகள் ஏதும் கிடையாது. ஒப்பந்தம் முடிந்த நாளில் அவர் சுதந்திரமானவர்.

2018 ஜூலையில் சான் அன்டோனியோவிடமிருந்து டொராண்டோ வாங்கிய கவாய் லெனார்டிடம் உறுதியாக மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆண்டு. அந்த ஓர் ஆண்டில் ராப்டர்ஸ் தங்கள் வரலாற்றின் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள்; அடுத்த மாதமே அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். அந்த டிரேடை நான் மிக உயர்வாக மதிக்கிறேன், ஏனென்றால் அவர்கள் கொடுத்தது அப்போது 28 வயதான டெமார் டெரோசனையும், யாக்கப் பெர்ட்டிலையும், ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் (வருங்கால டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) மட்டுமே. சியாகம், ஓ.ஜி. அனுனோபி, ஃப்ரெட் வான்வ்ளீட் ஆகிய மூன்று இளைஞர்களும் அங்கேயே இருந்தார்கள். லெனார்ட் ஓராண்டில் போனபோது அணி நொறுங்காமல் இருந்ததற்கு அவர்களே காரணம். ஓராண்டுக்கு மட்டும் உறுதியுள்ள நட்சத்திரத்துக்கு எட்டாண்டு இளைஞரைக் கொடுக்காதீர்கள். அந்த ஓராண்டில் பட்டம் வெல்ல மற்றெல்லாம் தயாராக இருக்கும் அணி மட்டுமே இதற்கு விதிவிலக்கு.

சம்பளக் கணக்கை இத்துடனே பார்த்துவிட வேண்டும். 2025-26 சீசனின் சம்பள உச்சவரம்பு (ஓர் அணியின் வீரர்கள் அனைவருக்குமான மொத்தச் சம்பளத்துக்கு வைத்த அளவு) சுமார் 15.46 கோடி டாலர். இரண்டாவது ஏப்ரன் என்று அழைக்கப்படும் மேல் எல்லை சுமார் 20.78 கோடி டாலர். அந்த எல்லையைத் தாண்டிய அணியால் டிரேடில் இரண்டு, மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளத்துக்கு ஈடாக அனுப்ப முடியாது. ஆறேழு ஆண்டு அனுபவமுள்ள நட்சத்திரம் உச்சவரம்பில் நூற்றுக்கு 25 முதல் 30 வரை எடுத்துக்கொள்வார். பத்தாண்டு ஆடியவர் 35 வரை போகலாம். குறைந்த சம்பளத்தில் நிறைய ஆடிக்கொடுக்கும் இளைஞர்கள் இன்று முன்பைவிட விலைமதிப்புள்ளவர்கள் ஆகிவிட்டதற்கு இந்த விதிகளே காரணம்.

சாக்ரமென்டோவின் கணக்கு

இந்தத் தலைப்பில் நான் அதிகம் யோசித்த டிரேடு, 2022 பிப்ரவரி 8 அன்று சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் செய்துகொண்டது. 21 வயது ஹாலிபர்டன், அவரோடு பட்டி ஹீல்ட், டிரிஸ்டன் தாம்ப்சன் ஆகியோர் ஒரு பக்கம். சீசனின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு இரண்டு முறை தேர்வான 25 வயது டோமன்டாஸ் சபோனிஸ், ஜஸ்டின் ஹாலிடே, ஜெரமி லாம்ப், ஓர் இரண்டாம் சுற்று உரிமை ஆகியவை மறுபக்கம். ஹாலிபர்டனின் சம்பளம் அப்போது 40 லட்சம் டாலரை ஒட்டியே இருந்தது. சபோனிசுடையதோ ஏறக்குறைய 2 கோடி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஹீல்டும் தாம்ப்சனும் சேர்க்கப்பட்டார்கள். இளைஞரின் சம்பளம் சிறியது என்பதால், அவரைக் கொடுக்கும்போது கூடவே இன்னும் சிலரும் போக வேண்டியிருக்கும் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ள மறவாதீர்கள்.

கிங்ஸ் தரப்பு நியாயத்தை முழுமையாகக் கேட்க வேண்டும். அவர்கள் 2006க்குப் பிறகு பிளேஆஃபையே பார்த்ததில்லை. பெரிய ஒப்பந்தத்தில் கட்டப்பட்ட டி'ஆரன் ஃபாக்ஸ் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவராக, இருந்தார். அவரும் பந்தைக் கையில் வைத்து ஆடுபவர், ஹாலிபர்டனும் அப்படியே. முந்தைய டிராஃப்டில் டேவியன் மிட்செல் என்னும் இன்னொரு கார்டையும் எடுத்திருந்தார்கள். கூடைக்கு அருகே ஆடும் பெரிய வீரர்களில் நட்சத்திரம்தான் இல்லை. இப்படி இடம் இரட்டிப்பாக இருக்கும்போது ஒருவரைக் கொடுத்து, இல்லாத இடத்தை நிரப்புவது இயல்பான யோசனை. பலனும் உடனே கிடைத்தது: 2022-23இல் 48 வெற்றிகள், மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம், 16 சீசன் வறட்சியின் முடிவு. வென்ற ஒவ்வோர் இரவும் அரங்கத்தின் கூரையிலிருந்து வானை நோக்கி ஊதா ஒளிக்கற்றை ஒன்றை ஏற்றினார்கள். சபோனிஸ் லீகிலேயே அதிக ரீபவுண்டுகள் எடுத்தவர் ஆனார். அந்த ஊர் மக்கள் அடைந்த மகிழ்ச்சியைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வராது.

இருந்தும் நான் அந்த டிரேடைச் செய்திருக்கமாட்டேன். முதல் காரணம், இடம் இரட்டிப்பாக இருந்தபோது அவர்கள் கேட்ட கேள்வி 'யாரைக் கொடுத்தால் இன்று வசதி' என்பது; 'இந்த இருவரில் யார் ஒரு சாம்பியன் அணியை நடத்தக்கூடியவர்' என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது காரணம் ஒப்பந்தம். சபோனிஸ், ஹாலிபர்டன் இருவரின் ஒப்பந்தமும் 2024 கோடையில்தான் முடிவதாக இருந்தது. ஆனால் அன்று சபோனிஸ் எங்கும் போகலாம், ஹாலிபர்டனைத் தக்கவைக்கும் உரிமையோ அணியிடம் இருக்கும். மூன்றாவது, சபோனிஸ் வந்த பிறகும் அந்த அணியில் கடைசி நிமிடத்தின் முதல் வீரர் ஃபாக்ஸாகவே இருந்தார். அதாவது வாங்கிய நட்சத்திரம் அணியின் உச்ச எல்லையை உயர்த்தவில்லை. அடித்தளத்தை மட்டும் உயர்த்தினார்.

அதன் பின் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2023இல் முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழு ஆட்டங்களில் தோல்வி. 2024இலும் 2025இலும் பிளேஆஃபுக்குள் நுழையத் தகுதி தேடும் பிளே-இன் கட்டத்திலேயே வெளியேற்றம். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸும் சான் அன்டோனியோவுக்குப் போனார். இண்டியானாவோ 2024இல் கிழக்குப் பிரிவின் இறுதியையும், 2025இல் என்.பி.ஏ. இறுதித் தொடரையும் எட்டியது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒரு நொடிகூட முன்னிலை பெறாமலிருந்த பேசர்ஸுக்காக, ஹாலிபர்டன் வலப்பக்கமாகப் பந்தைத் தட்டிச் சென்று, மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறிந்தார். பந்து வலையில் விழுந்தபோது கடிகாரத்தில் மிச்சமிருந்தது 0.3 நொடி. 111-110. ஏழாவது ஆட்டத்தில் அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இளைஞரை வைத்துக்கொள்பவர்களும் காயத்தின் அபாயத்தை ஏற்றே ஆகவேண்டும். அது நட்சத்திரத்துக்கு மட்டும் உரியதல்ல.

அவரைக் கொடுக்காமலே வாங்க முடியுமா?

விற்கும் அணி முதலில் கேட்பது உங்கள் சிறந்த இளைஞரைத்தான். அதை இறுதி விலை என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நட்சத்திரம் வெளியேற விரும்புகிறாரா, அவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கிறதா, வேறு எத்தனை அணிகள் போட்டியில் இருக்கின்றன என்று பாருங்கள். டொராண்டோவின் விலை அவ்வளவு குறைந்ததற்கு, லெனார்டுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடையே உறவு கெட்டிருந்ததும், அவர் ஓராண்டில் போய்விடுவார் என்ற அச்சத்தில் மற்ற அணிகள் தயங்கியதும் காரணம். 2025 கோடையில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 36 வயது கெவின் டுரான்ட்டை வாங்கியபோதும் இதே வழியைப் பின்பற்றியது. 23 வயது ஜேலன் கிரீன், டில்லன் புரூக்ஸ், டிராஃப்டின் பத்தாவது தேர்வு உரிமை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். ஆமன் தாம்ப்சன், அல்பெரன் ஷெங்குன், ஜபாரி ஸ்மித் ஆகியோரைத் தொடவிடவில்லை. தங்களுடைய இளைஞர்களை வரிசைப்படுத்தி, எந்தக் கோட்டுக்கு மேல் பேச்சே இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் இப்படிப் பேச முடியும். அந்த வரிசையைப் பேச்சுவார்த்தை தொடங்குவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிய பிறகு எழுதினால் வரிசை உங்கள் விருப்பத்துக்கு ஏற்ப வளைந்துவிடும்.

பாஸ்டன் செல்டிக்ஸின் பொறுமையையும் இங்கே நினைக்க வேண்டும். சந்தைக்கு வந்த ஒவ்வொரு நட்சத்திரத்தோடும் அவர்களின் பெயர் அடிபட்ட ஆண்டுகளிலும் ஜேசன் டேட்டமையும் ஜேலன் பிரவுனையும் விடவில்லை. 2024இல் இருவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். அந்த இருவரும் பாஸ்டனுக்குக் கிடைத்த வழியே ஒரு பாடம்: 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்க, 2013இல் புரூக்ளின் கொடுத்த தேர்வு உரிமைகளிலிருந்து முளைத்தவர்கள் அவர்கள்.

தேர்வு உரிமை வெறும் காகிதம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். கிளிப்பர்ஸ் 2019இல் பால் ஜார்ஜுக்காக ஷாயையும் டனிலோ கலினாரியையும் கொடுத்ததோடு ஐந்து முதல் சுற்று உரிமைகளையும், இரண்டு ஆண்டுகளுக்குத் தேர்வு இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார்கள். அந்த உரிமைகளில் ஒன்றுதான் 2022இல் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. ஜார்ஜ் வந்தால்தான் லெனார்டும் வருவார் என்ற நிலை இருந்ததால், அவர்கள் ஒருவருக்காக அல்ல, இருவருக்காக விலை கொடுத்தார்கள் என்பது உண்மை. அந்த நெருக்கடியில் மறுப்பது யாருக்கும் கடினம். 2021இல் கிளப்பின் வரலாற்றிலேயே முதல் முறையாக மேற்குப் பிரிவின் இறுதியையும் எட்டினார்கள். ஆனாலும், 20 வயதில் அப்படி ஆடிய கார்டையும் கொடுத்து, எதிர்காலத்தையும் கொடுப்பதென்றால், இரண்டில் ஒன்றையாவது பிடித்து வைத்திருக்க வேண்டும். 2024இல் ஜார்ஜ் ஈடாக எதையும் விட்டுச்செல்லாமல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது, நிரப்புவதற்கு அவர்களிடம் இளைஞரும் இல்லை, உரிமையும் இல்லை. தொடர்ச்சியாக இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்று உரிமையே இல்லாமல் போகக் கூடாது என்னும் ஸ்டெபியன் விதி இருந்தும், இடமாற்று உரிமைகளைக் கொண்டு அணிகள் அந்த இடைவெளியையும் விற்றுவிடுகின்றன. விதி அனுமதிக்கிறது என்பதற்காக விற்காதீர்கள்.

கையெழுத்துக்கு முன்

விலை ஒத்துவந்த பிறகு இரண்டு வேலைகள் மிச்சமிருக்கும். உங்கள் தலைமைப் பயிற்சியாளரை அழைத்து, வரும் நட்சத்திரத்தோடு கடைசி ஐந்து நிமிடம் ஆடப்போகும் ஐவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், அல்லது எழுதிய ஐவரில் நீங்கள் கொடுக்கப்போகும் இளைஞரின் இடத்தை நிரப்ப ஆள் இல்லாவிட்டால், கணக்கை மறுபடியும் தொடங்க வேண்டும்.

மற்றது மருத்துவப் பரிசோதனை. டிரேடுகள் வரும் வீரரின் உடல்தகுதிக்கு உட்பட்டவை. அந்த அறிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கு மறுக்கும் அதிகாரம் உண்மையிலேயே இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் லேக்கர்ஸ், தங்களுடைய முதலாண்டு வீரர் டால்டன் நெக்டையும், கேம் ரெடிஷையும், 2031இன் முதல் சுற்று உரிமையையும், ஓர் இடமாற்று உரிமையையும் கொடுத்து, சார்லட்டின் சென்டர் மார்க் வில்லியம்ஸை வாங்க ஒப்புக்கொண்டார்கள். ஆன்டனி டேவிஸைக் கொடுத்து லூகா டான்சிச்சை அப்போதுதான் வாங்கியிருந்ததால், உயரமான வீரர் ஒருவர் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார். பரிசோதனைக்குப் பிறகு, பிப்ரவரி 8 அன்று டிரேடு ரத்தானது. அதற்குள் கெடு முடிந்துவிட்டதால், டிரேடு மூலம் வேறு சென்டரை வாங்கும் வழியும் அடைபட்டிருந்தது. அவ்வளவு தேவையிலும் அவர்கள் பின்வாங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

நெக்ட் அதே அணிக்குத் திரும்பி வந்து, மீதி சீசனை அதே சீருடையில் ஆடினார். விற்றுவிட்டோம் என்று உலகுக்கே தெரிந்த ஓர் இளைஞர், சில நாட்களில் மீண்டும் உங்கள் பயிற்சிக் கூடத்துக்குள் நுழையக்கூடும். அவர் வரும் அன்று யார் அவரோடு முதலில் பேசுவது, என்ன சொல்வது, அடுத்த ஆட்டத்தில் எத்தனை நிமிடம் ஆடவைப்பது என்பதை, மறுமுனை அணிக்குச் 'சரி' என்று சொல்வதற்கு முன்பே பயிற்சியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.